கண்ணுக்குத் தப்பிய மைனஸ்

ஒளியியல் நடத்துகிற டீச்சர் பிழைப்பு மாதிரி வம்பு பிடித்த பிழைப்பு வேறு கிடையாது. கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று தெரிவதையே 'அது அங்கே இல்லை' என்று பிள்ளைகளிடம் சாதிக்க வேண்டும். மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். சாக்பீஸ் தூளைத் தின்றே காலம் தள்ளும் டீச்சர்மார்களே, சார்மார்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். வெளியில் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

கவிழ்ந்த மலை

குவிலென்சின் குவியத் தொலைவு கண்டுபிடிக்க எங்கள் லேபில் பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. மூன்றாவது மாடி ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் திருப்பரங்குன்றம் மலை. லென்சை ஜன்னலைப் பார்த்துப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளை அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் மலை அப்படியே அட்டையில் வந்து விழும். தலைகீழாக! அன்றைக்கு நல்ல வெயில். வானம் கீழே, மலை மேலே. எனக்கே பெருமை தாங்கவில்லை.

எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்க, கடைசி பெஞ்சு செல்வி மட்டும் பதறினாள். அவள் திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். "டீச்சர், சீக்கிரம் நிமித்துங்க! எங்க வீடு அடிவாரத்துலதான் இருக்கு."

மெய்யும் மாயமும்

அட்டையில் பிடிக்க முடிந்தால் அது மெய் பிம்பம், தலைகீழாக இருக்கும். முகம் பார்க்கிற கண்ணாடியில் தெரிவதை எந்த அட்டையிலும் பிடிக்க முடியாது. அது மாய பிம்பம், நிமிர்ந்து நிற்கும். இதை மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை ஆரம்பிக்கும்போது செல்வி எழுந்து நின்றாள். "அது சரிதான் டீச்சர். எங்க வீட்லயும் மெய்யைச் சொன்னா எங்கம்மா தலைகீழாத்தான் தொங்கவிடும். பொய் சொன்னா நிமிந்து நடக்கலாம்."

கை எட்டும் தூரம்

'கிட்டப்பார்வை' என்றால் என்ன என்று கேட்டால், பாதி வகுப்பு 'கிட்டத்தில் இருப்பது தெரியாது' என்றே எழுதும். இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் என் கையில் கிடைக்கட்டும், பேசிக்கொள்கிறேன்! கிட்டத்தில் இருப்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தால் அது கிட்டப்பார்வை. குழிலென்சு போட்டால் சரியாகும். நாற்பதைத் தாண்டியதும் பக்கத்தில் இருக்கிற எழுத்து கலங்குகிறதே, அது வெள்ளெழுத்து. இதையெல்லாம் நீட்டி முழக்கிவிட்டு, வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. கண்ணாடி போட்டால் கிழவி ஆகிவிடுவேன் என்று ஒரு வீம்பு. அதனால் பதிவேட்டை எட்ட வைத்து, இன்னும் எட்ட வைத்து, பெயர் தெரிகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். செல்விக்குத்தான் பொறுக்கவில்லை. "அதுக்கு மேல கை நீளாது டீச்சர். குடுங்க, நான் கடைசி பெஞ்சுல இருந்து பிடிச்சுக்கிறேன்."

ஒரு கோடு

ஜெய்னபு முன்பெஞ்சுக்காரி, வாயே திறக்காத பிள்ளை. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, தையல்கடை வைத்திருக்கிறார். அரையாண்டில் அறிவியலுக்கு எண்பது வாங்கினால் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப், இல்லாவிட்டால் இல்லை என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் போட்டது எழுபத்தொன்பது.

தாளைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். "டீச்சர், லென்சு கணக்குல ஒரு மார்க் போயிருச்சு."

"குழிலென்சோட திறன் மைனஸ்ல வரும்னு தொண்டை கிழியக் கத்துனேன்ல? வெறும் ரெண்டுன்னு எழுதி வச்சிருக்க."

"மைனஸ் போட்டிருக்கேன் டீச்சர்."

எனக்கு வந்ததே கோபம்! தாளைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பார்த்தேன். ஒரு கோடும் இல்லை. "பொய் வேற சொல்றியா? இரு, பெருசாக்கியே காட்டுறேன்" என்று லேப் பீரோவிலிருந்து குவிலென்சை எடுத்து வந்து தாளின் மேல் பிடித்தேன். இரண்டுக்கு முன்னால் ஒரு கோடு. முடி மாதிரி மெல்லிசாகப் போட்டிருந்தாள். லென்சுக்குள் விறகுக் கட்டை மாதிரி கிடந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொய் சொல்கிறாய் என்று வேறு சொல்லிவிட்டேனே! எழுபத்தொன்பதை அடித்து எண்பது போட்டேன். அந்தப் பதற்றத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட மறந்து போனேன். "தப்பு என் மேலதான்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க திட்டுன திட்டுல, போட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு டீச்சர்."

அத்தா வந்தார்

மறுநாள் காலையில் அவளுடைய அத்தா வந்து நின்றார். கழுத்தில் அளவெடுக்கிற இஞ்சு டேப், கையில் அந்தத் தாள். பின்னால் ஜெய்னபு, அழுது வீங்கிய முகத்தோடு.

"டீச்சரம்மா, எழுபத்தொம்பதை அடிச்சு எண்பதாக்கியிருக்கு. கையெழுத்தும் இல்ல. டீச்சர்தான் திருத்துனாங்கன்னு இந்தப் பிள்ளை அடிச்சுச் சொல்லுது. டீச்சரு எப்படித் தப்பாப் போடுவாகன்னு நான் நம்பல. சயின்ஸ் குரூப் ஆசையில பிள்ளையே பண்ணிருச்சோன்னு கேட்டுப்போக வந்தேன்."

ஸ்டாஃப் ரூமில் நாலு பேர் டீ குடிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்கள். 'கூட்டலில் ஒரு சின்னப் பிசகு' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தேன். ஜெய்னபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டல் கீட்டல் எல்லாம் இல்ல பாய். எனக்குக் கண்ணு தெரியல. வெள்ளெழுத்து. கண்ணாடி போடாமத் திருத்திட்டு, உங்க பொண்ணைப் பொய்க்காரின்னு வேற சொல்லிட்டேன். அவ சரியாத்தான் எழுதியிருந்தா." சொல்லிக்கொண்டே சிவப்பு மையில் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கோட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். மகள் தலையில் கையை வைத்து, "சரிம்மா, சயின்ஸே படி" என்றார். அவள் அப்போதுதான் சிரித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, மரியாதை குறையாமல்தான் சொன்னார். "நான் நாப்பதுலயே போட்டுட்டேன் டீச்சரம்மா. எங்கிட்ட தையல் தப்பாப்போனா பிரிச்சுத் தச்சுக்கலாம். உங்க கைக்கு வாரது பிள்ளைகளாச்சே."

இருபது வருஷமாக ஒளி எங்கே எப்படி வளையும் என்று ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டிய நான், அன்று சாயங்காலம் கண்ணாடிக் கடையில் நாற்பது வயசு தாண்டிய எல்லோரையும் போல 'இது தெரியுதா, இது தெரியுதா' என்ற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.