கீலில் விட்ட இடைவெளி

ரிமோட் விமானம் பறக்கவிடும் மைதானத்துக்கு இனி வரவேண்டாம் என்று இன்று காலை என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் முருகேசன் புது விமானத்தோடு வந்திருந்தான். இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் ஆடும் ஐலெரான் என்ற சிறு பலகையைத் தொட்டுப் பார்த்தேன். கீல் லொடலொடத்தது. இறக்கைக்கும் அதற்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழையும்.

"இதோட பறக்கவிடாதே. வேகம் எடுத்தா ஐலெரான் படபடன்னு அடிச்சு இறக்கையையே பிய்ச்சிரும்" என்றேன்.

"ஒரு குழப்பமும் வராது அண்ணாச்சி. இடைவெளி இருந்தாத்தானே ஃப்ரீயா ஆடும்?"

கடைக் கதவுக்குக் கீல் வைத்துப் பழகிய மூளை அது.

விமானம் இரண்டு சுற்று மெதுவாகப் போனது. "இப்ப என்ன சொல்லுதிய?" என்று சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். மெதுவாகப் போனால் பழைய செய்தித்தாள்கூடத்தான் பறக்கும்.

பிறகு உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயவிட்டான். டர்ர்ர் என்று ஒரு சத்தம். முதலில் ஐலெரான் கழன்றது, அடுத்து இறக்கை. மாதக்கணக்கில் செய்த விமானம் புல்லில் சிதறிக் கிடந்தது.

கழன்ற கீலை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

"அண்ணாச்சிக்குக் கரிநாக்கு. சொன்னா பலிச்சிரும்" என்றான் முருகேசன். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார் கிளப் செயலாளர்.

அவன் அடுத்ததையும் இப்படித்தான் செய்வான். அன்று இடைவெளி மைதானத்தில் இருக்கும், நான் இருக்கமாட்டேன். அந்த விமானம் விழும்போது யாருடைய நாக்கின் மேல் பழி போடுவார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.