கையை மட்டும் பிரித்தால் போதும்

எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் டீ டம்ளரோடு நின்றபோதுதான் அது தோன்றியது. நல்லூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு இப்படி ஒரு ஷெட் உண்டு. அப்பாவுடையதில் டி-சர்ட் தைக்கிறார்கள். செக்கிங் பார்க்கிறவர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார். கைத் துணியில் ஓட்டை. டெய்லர் வாங்கி, அந்தக் கையை மட்டும் பிரித்தெடுத்து, வேறு கை வைத்து ஓவர்லாக் மிஷினில் ஓட்டினார். சட்டை மறுபடி அடுக்கில் சேர்ந்துவிட்டது.

யாரும் நூல் வாங்க ஓடவில்லை. சாயப்பட்டறைக்கும் போகவில்லை. அப்படியிருக்க, எங்கள் ஆபீஸில் மட்டும் நிரலில் ஒரு வரியை மாற்றினால் ஏன் நூலிலிருந்து ஆரம்பிக்கிறோம்? டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் ஆபீஸ் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறோம். கட்டிங் கணக்கிலிருந்து அட்டைப்பெட்டியில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கர் வரை, எல்லாக் கம்பெனிகளுக்கும் எழுதிய எல்லா நிரலும் ஒரே ரெப்போவில், ஒரே பெரிய கிடங்கு மாதிரி, வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடக்கிறது. எழுதியதை ஓடுகிற சாஃப்ட்வேராகக் கோத்துத் தருவதுதான் பில்ட். எங்கே எதைத் தொட்டாலும் மொத்தக் கிடங்கும் முதலிலிருந்து பில்ட் ஆகும். அதற்குள் கீழே போய் டீ குடித்து, வந்து, ஊர்க் கதை பேசி, மறுபடியும் எட்டிப் பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு அது எரிச்சல். எனக்கு மேலே வேலை பார்க்கிற அக்காவுக்கு அது பிள்ளை விஷயம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். குழந்தையை விடும் காப்பகம் ஆறு மணிக்குப் பூட்டிவிடும். பில்ட் முடியாமல் அவர் எழுந்து போக முடியாது. பூட்டிய கதவுக்கு வெளியே, படியில், காப்பகத்து அம்மாவோடு அந்தக் குழந்தை பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"இந்த மாசத்தோட போதும்ட்டி," என்று ஒருநாள் சொல்லிவிட்டார். "ஊர்லயே போயி இருந்துக்கிடுதேன். பிள்ளை என்னைக் கண்டா சிரிக்கக்கூட மாட்டேங்கா."

அந்த ரெப்போவை முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் இல்லாத ஆபீஸை நினைத்தே பார்க்க முடியவில்லை.

எங்களைப் போன்ற பெரிய ரெப்போக்களுக்கென்றே வேகமான பில்ட் கருவிகள் இருப்பதைப் படித்திருந்தேன். எது மாறியதோ அதை மட்டும் புதிதாகச் செய்யும். மற்றதை ஏற்கெனவே செய்துவைத்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். முதலாளியிடம் ஓடினேன்.

"அக்கா போகாம இருப்பாங்ளா?"

"இருப்பாங்கண்ணா. ஆறு மணிக்குள்ள கெளம்பிருவாங்க."

"அப்டீன்னா பண்ணிப் பாருங் கண்ணு. ஆனா கஸ்டமருக்கு எதும் நிக்கக் கூடாதுங்க. அவங்க சத்தம் போட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வராது."

அது உண்மை. அவருக்கு இல்லை என்ற சொல்லே வராது. அதைத்தான் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

இந்தக் கருவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு போல்டரும் வேறு எந்தெந்த போல்டரிலிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாததைத் தொட்டால் அங்கேயே நிறுத்திவிடும். போட்ட முதல் நாளே எல்லாம் சிவப்பு சிவப்பாகப் பிழை காட்டி நின்றது. எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் கண்டிப்பைத் தளர்த்துகிற ஒரு வழியும் அதிலேயே இருந்தது. தளர்த்தினேன். ஓடியது. எப்படி ஓடியது! அக்கா ஒரு வரி மாற்றிவிட்டுப் பழக்கத்தில் டீக்கு எழுந்தார். நாற்காலியைத் தள்ளுவதற்குள் முடிந்திருந்தது.

"ஏட்டி, நெசமாவே முடிஞ்சிட்டா? பொய் சொல்லுதா பாரு அது."

அன்று அவர் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார். மறுநாள் காலையில், "பிள்ளை என்ன சீக்கிரம் வந்துட்டன்னு கேக்கா," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சிரிப்பு அந்த வாரத்தைத் தாண்டவில்லை. ஒரு கம்பெனியின் பேக்கிங்கிலிருந்து போன் வந்தது. பெட்டிகளில் ஸ்டிக்கர் தப்பு. எல் சைஸுக்குப் பழைய அளவே அச்சாகியிருக்கிறது. லாரி வாசலில் நிற்கிறது. அக்கா அந்த அளவுப் பட்டியலைத் திருத்தித்தான் வைத்திருந்தார். ஆனால் அந்தப் பட்டியல் இருந்தது இன்னொரு கம்பெனியின் போல்டரில். "அவங்களுக்குப் போட்ட மாதிரியே எங்களுக்கும் போட்டுக் குடுத்துருங்க" என்று எப்போதோ யாரோ கேட்டிருக்கிறார்கள், முதலாளியும் சரிங்க என்றிருக்கிறார். இங்கே பக்கத்து யூனிட்டில் மிஷின் சும்மா இருந்தால் சுவருக்கு மேல் ஒரு குரல் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். சீட்டு கிடையாது. எங்கள் நிரலும் அப்படியே சுவரேறிக் குதித்து எடுத்துக்கொண்டிருந்தது. சொல்லாத உறவு கருவிக்கு எப்படித் தெரியும்? எதுவும் மாறவில்லை என்று நினைத்துப் பழையதையே எடுத்துக் கொடுத்துவிட்டது.

அன்று பெட்டியெல்லாம் மறு ஸ்டிக்கர் ஒட்டி முடிகிறவரை அக்கா போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நடுவில் காப்பகத்திலிருந்து வந்த அழைப்பை எடுத்து, "இந்தா வந்துட்டேங்கம்மா," என்று மட்டும் சொன்னார். பழைய பில்டில்கூட அவருக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டவும் முடியாது, லாரியை நிறுத்தவும் முடியாது, குழந்தையைக் கூட்டி வருகிறேன் என்றால் காப்பகத்தில் என்னிடம் விடமாட்டார்கள்.

முதலாளி திட்டவில்லை. "பழசையே போட்டுருங் கண்ணு," என்றார். திட்டியிருக்கலாம்.

பழையதைப் போட்டேன். என் கம்ப்யூட்டரில் மட்டும் கண்டிப்பை மறுபடி இறுக்கி, உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லப் பார்த்தேன். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று கிளம்பியது. ஒரு கம்பெனி இன்னொன்றிடம் எடுக்க, அது இதனிடமே திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது. எங்கே வெட்டுவது என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத. இதுல பாதி முடிச்சு நான் போட்டதுதான்."

"நீங்க போகாம இருக்கோணும்னுதானுங்க பண்ணுனேன்."

"தெரியும்ட்டி," என்றார். இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

கையை மட்டும் மாற்றலாம் என்று குதித்தேனே, அந்தக் கை எந்தத் துணியிலிருந்து வந்தது என்று பார்த்தேனா? வேறு லாட்டில், வேறு தடவை சாயம் போட்ட துணியில் வெட்டிய கையை வைத்தால் சாயம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பள்ளி லீவில் ஷெட்டில் உட்கார்ந்து அதை ஒட்டியவளே நான்தான்.

ரெப்போ முழுவதையும் மாற்ற முதலாளி இனி விடமாட்டார். மாதக் கடைசிக்குள் என்னால் முடியவும் முடியாது. ஸ்டிக்கர் போல்டர் ஒன்றை மட்டும் என் கம்ப்யூட்டரிலேயே செய்து காட்டலாமா என்று அவரிடம் கேட்டேன், சரியென்று தலையசைத்தார். நாளைக் காலை அக்கா பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நேராக வருகிறேன் என்றிருக்கிறார். அவர் எது எங்கிருந்து வருகிறது என்று சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அந்த ஒரு போல்டருக்குக் கண்டிப்பைத் தளர்த்தாமல் ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.