மறுக்கவில்லை என்று எழுதப்பட்டவர்

"என்னளா போட்டிருக்கு?" என்று கேட்டார் தளவாய் அண்ணாச்சி.

"உங்க மேல சொன்ன குற்றத்தை நீங்க மறுக்கலைன்னு போட்டிருக்கு, அண்ணாச்சி."

"நான் வாயே திறக்கலியே."

"அதனாலதான் அப்படிப் போட்டிருக்காங்க."

"வாயைத் திறக்காததுக்கு எதுக்குளா ஒரு பக்கம்? தாள் மிச்சமா கிடக்கோ?"

நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் சிரிப்பும் நின்றது. "வேலையை விட்டு எடுத்திருவாவளோ?"

"அடுத்த விசாரணையிலயும் பேசலைன்னா எடுத்திருவாங்க."

துறைமுகச் சாலையிலுள்ள தொழிற்சங்க அலுவலகத்தில் ஆங்கிலத் தாள்களைப் படித்துச் சொல்வது என் வேலை. தளவாய் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரு மதியம் வண்டி நிற்காமல் போய் ஒரு மரப்பெட்டியில் மோதியது. உள்ளே இருந்த இயந்திரம் உடைந்தது. கவனக்குறைவு என்றார் சூப்பர்வைசர் விஜயராஜ். பிரேக் பிடிக்கவில்லை என்று தளவாய் காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தார். மெக்கானிக் மரியானும் அப்போது பக்கத்தில் நின்றார்.

இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை? கம்பெனி சார்பில் விசாரித்தவர் வக்கீல் தாணுலிங்கம், தளவாயின் ஊரான ஆத்தூரில் பெரியவர். அங்கே பெரியவர் நாலு பேர் முன்னால் பேசினால் யாரும் எதிர்த்துச் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டு, பிறகு வீட்டுக்குப் போய்த் தன் பக்கத்தைச் சொல்வார்கள். தளவாயும் ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு வெற்றிலையோடு போனார்.

"ஏலே, இங்கன வந்து சொன்னா நான் எங்கன எழுத?" என்றாராம் தாணுலிங்கம். "வெத்தலையை எடுத்துட்டுப் போ. இதையும் எவனாவது எழுதிருவான்."

தாளைப் படித்துக் காட்டிய மறுநாளிலிருந்து அதில் இருந்த சொற்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். 'அலெஜ்' என்றால் ஒருவர் சொல்கிறார், இன்னும் நிரூபிக்கவில்லை. 'இன்ஃபர்' என்றால் கண்ணால் பார்க்கவில்லை, ஒன்றை வைத்து இன்னொன்றை முடிவு செய்கிறார்.

"இது எங்க வீட்டுக்காரி தினமும் செய்யுததுதான்," என்றார்.

'அப்படி இல்லை' என்று மறுப்பதற்கான 'டிஸ்பியூட்' மட்டும் வரவில்லை. சொல் வாயில் நுழைந்தது. பழகிப் பார்க்க என்னைத் தாணுலிங்கமாக உட்காரவைத்தார். "பிரேக் சரியாத்தான் இருந்தது" என்று நான் சொன்னதும் தரையைப் பார்த்தார். "உன்னைய எதுத்தே வரலியே தாயி. அவியளை எதுத்து எப்படி?" மேற்கொண்டு பழகவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார்.

விசாரணை நாளில் மொழிபெயர்ப்பாளராக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே விஜயராஜ் கால்மேல் கால் போட்டிருந்தார். தட்டச்சு செய்பவர் முந்தைய பக்கத்தையே திறந்து வைத்திருந்தார்.

"பிரேக் சரியா இருந்துச்சுன்னு சூப்பர்வைசர் சொல்லுதாரு," என்றார் தாணுலிங்கம். "நீ என்ன சொல்லுத?"

தளவாய் எழுந்து நின்றார். பேசவில்லை. விஜயராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாணுலிங்கம் தட்டச்சு செய்பவரிடம் திரும்பினார். 'மறுக்கவில்லை' என்று அவர் இன்னொரு முறை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"ஐயா," என்றார் தளவாய். "ஐயா தப்பா நெனைக்கப்பிடாது. சின்னவன் பேசுதேன். அது வந்து... அப்படி இல்லைய்யா. டிஸ்பியூட் பண்ணுதேன். காலையிலயே இவியகிட்ட சொன்னேன். 'பரவால்ல, ஓட்டுலே'ன்னுட்டாவ. மரியான் அங்கனதான் நின்னான்."

விஜயராஜின் கால் கீழே இறங்கியது. தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா என்று தெரியவில்லை. "மரியானைக் கூப்பிடுங்க," என்றார்.

மரியான் வந்து உள்ளதைச் சொன்னதும், வேலை தப்பியதும் பிறகு. அதற்கு முன், இதை ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்று தட்டச்சு செய்பவர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தளவாய் என் பக்கம் குனிந்தார்.

"தாயி, நான் மரியாதைக்கு இழுத்து இழுத்துச் சொன்னேன். நீ அதையெல்லாம் இங்கிலீஷ்ல போட்டுராத. மறுத்தேன்னு மட்டும் போடச் சொல்லு."