படைக்குக் கீழே

கொழும்பிலுள்ள ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் எனக்கு வைத்த பரீட்சை, ஒரு தொலைக்காட்சித் தொடரின் சிறு துண்டு. கடற்படைக் கதை. திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை நான் எழுத வேண்டும். பிடித்துப்போனால் வீட்டிலிருந்தே வேலை. இல்லாவிட்டால் ஹல்துமுல்லையில் கொழும்பு பஸ் ஏறி, சிநேகிதி வேலை பார்க்கும் துணிக்கடையில் நானும் நிற்க வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், விஞ்ஞானப் பட்டதாரி. சேலை மடித்துக் காட்டும் என்னை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் சரியாகக் கிடைப்பது நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து தள்ளி, தேயிலைக்கு நடுவில் இருக்கும் பாறையில் மட்டும்தான். காலையிலேயே மடிக்கணினியோடு அங்கே போய்விட்டேன். உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுவேன், எழுந்து நடப்பேன், வந்து அதையே அழிப்பேன்.

கதையில் ஒரு போர்க்கப்பல் நீர்மூழ்கியைத் தேடுகிறது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து இடத்தைக் கணிக்கும் சோனார் கருவி அதில் இருக்கிறது. திடீரென்று எதிரொலி நின்றுவிடுகிறது. ‘லேயருக்குக் கீழே போய்விட்டது’ என்கிறார் அதிகாரி. இது கதைக்காகச் சொன்னதா என்று தேடிப் பார்த்தேன். உண்மைதான். கடலின் மேல்நீர் சூடு, அடிநீர் குளிர். இரண்டும் மாறும் இடம்தான் லேயர்; அங்கே ஒலி வளைந்துவிடும். அதற்குக் கீழே பதுங்கும் நீர்மூழ்கியை மேலேயிருக்கும் கப்பலின் ஒலி தொடுவது கஷ்டம். அதனால்தான் சில போர்க்கப்பல்கள் சோனாரையே நீண்ட வடத்தில் கட்டிக் கீழே இறக்குகின்றன.

நான் கடலில் கால் நனைத்தது ஒரே ஒரு பாடசாலைச் சுற்றுலாவில். ஆனால் சூடு மாறும் இடத்தில் ஒலி வளையும் ஒலி முறிவு எனக்குத் தெரியும். ஓசோன் படை என்று படித்தவள் நான்; லேயர் என்றால் படை. ‘நீர்மூழ்கி படைக்குக் கீழே போய்விட்டது’ என்று நிமிர்ந்து எழுதினேன்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்த அம்மா, அங்கிருந்து மூச்சிரைக்க வந்து நின்றார்.

“ஏன்டி, தொண்டை கிழியக் கத்துறேன், காது அவிஞ்சு போச்சா?”

“கேக்கலம்மா.”

“காலையில பெரட்டுல ஆள் கூப்புடுறது இங்க வரைக்கும் கேக்குது. என் சத்தம் மட்டும் மகாராணிக்குக் கேக்காதோ?”

அவரை அடக்க, எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

“படைக்குக் கீழ வேலை பாக்குதா? அப்ப நம்ம ஆளுதானே? அத ஏன் தேடுறாய்ங்க?”

“அந்தப் படை இல்லம்மா, லேயர்.”

“லயமா? லயத்துக்குக் கீழ கானுதான் இருக்கு, தண்ணி ஓடுது.”

எனக்குக் கோபம் வந்தது. “டீவில எழுத்தா ஓடும்மா. வாசிக்கிறவங்களுக்கு வெளங்கும்.”

“ஓடட்டும். நீ கொழும்புக்குப் போயிட்டா எனக்கு அத வாசிச்சுக் காட்டுறது யாரு?”

சோறு ஆறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போகவில்லை. காலைக் குளிரில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துச் சத்தம் இங்கே தெளிவாக வந்து விழுகிறது. நடுப்பகலில் தரை சூடேறினால் குரல் மேல்நோக்கி வளைந்து, இந்தப் பாறையைத் தாண்டிவிடுகிறது. அந்த நீர்மூழ்கியைப் போல, ஒலி எட்டாத இடத்தில்தான் இப்போது நானும் இருந்தேன். ‘படை’ என்ற சொல்லை அழித்தேன். ‘குளிர்நீருக்குள் இறங்கிவிட்டது. நம் ஒலி எட்டாது’ என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு பாறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பசித்தது, சிக்னலை விட்டுப் போகப் பயம். வெயில் சாயத் தொடங்கும்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. யாழ்ப்பாணப் பேச்சுள்ள ஒரு பெண்.

“வரியள் நல்லா இருக்கு. ஆனா லேயரை ‘படை’ எண்டுதானே பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள். ஏன் போடேல்ல?”

“கடற்படைக் கதையில படைன்னா ஆளுங்கன்னு நெனச்சிருவாங்க மிஸ்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “அதுவும் சரிதான். திங்கக்கிழமை மிச்சத்தை அனுப்புறன், செய்யுங்கோ.”

பாறை மேல் ஏறி நின்றேன். “அம்மோவ்! கெடச்சிருச்சி!”

லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. சரிவில் இன்னும் சூடு தணியவில்லை, குரல் எட்டவில்லை. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடினேன்.