முதலாளி வேஷம்

ஏசுதாஸின் நாடகங்களுக்கு எழுத்துப் பிரதி கிடையாது. நடிக்கிறவர்களில் பாதிப் பேர் படிக்காதவர்கள். கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லி ஏற்றிக்கொண்டே ஒவ்வொருவர் காதிலும் அவரவர் வசனத்தை மட்டும் ஓதிவிடுவார். ஒருவன் வராவிட்டால் அவன் பாகமும் அவனோடு போய்விடும்.

சுடுகாட்டுப் பாதைக்காக முன்பு ஒரு நாடகம் போட்டார். பாதை வந்தது; நிலக்காரர்களின் கோபத்தில் கழனி வேலை போயிற்று. கிரஷருக்கு வந்தது அப்படித்தான். "இங்கயாச்சும் வாய மூடிக்கினு இரு" என்று மனைவி சிட்டம்மாள் சொல்லாத நாளில்லை.

இந்த வருஷம் காவாந்தண்டலம் காலனியின் மாதா கோயில் திருவிழாவுக்கு அவர் எடுத்தது, கிரஷர் பெல்ட்டில் சிக்கிச் செத்த ஆல்பர்ட்டின் கதை. குடித்திருந்தான் என்று சொல்லி முதலாளி கைவிரித்திருந்தார். நாடகத்தில் ஆல்பர்ட்டின் பெயர் வராது. முதலாளி கடைசியில் மனமிளகி அழுவார். வேலை தப்பவேண்டுமே என்று ஏசுதாஸ் செய்துகொண்ட ஏற்பாடு.

பொழுது சாய்ந்து மேளம் தட்டத் தொடங்கியபோது, முதலாளியாக நடிக்கவேண்டிய ஜான்சன் ஓடிவந்தான்.

"மாமா, சூப்பர்வைசர் ஜெகன் போன் பண்ணான். மேட ஏறுனா நாளைக்கு வேலைக்கு வராதன்றான். உனக்குந்தான்."

வேஷத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். விதவை வேஷத்தில் புடவை கட்டி நின்ற ஏசுதாஸ் கூட்டத்தை எட்டிப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் ஜெகன் பைக்கில் உட்கார்ந்தபடி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நிறுத்திவிடலாம் என்று அவர் வாயெடுக்கும்போது, ஆல்பர்ட்டின் மனைவி ஏஞ்சல் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா பண்ற? உனக்கு வசனம் தெரியாதே."

"தெரியும்ண்ணே. கிரஷர் கேட்டாண்ட நின்னுக்கினு அந்தாளு பேசனத காதால கேட்டவ நானு. நீ அழு, நான் பேசறேன்."

"முதலாளிக்கு மீசை எங்கடி?" என்று ஒருத்தி கத்தினாள்.

"அந்தாளு மீசையே பாதி டையிதான்!" என்றாள் ஏஞ்சல்.

கூட்டம் சிரித்தது.

மேடையில் ஏசுதாஸ் கைகூப்பினார். "ஐயா, எம் புருசனுக்கு ஒரு நியாயம் சொல்லுங்க."

இங்கேதான் முதலாளி அழவேண்டும். ஏஞ்சல் நாற்காலியில் சாய்ந்து பல் குத்தினாள்.

"அவன் பெல்ட்டுல கைய குட்த்தா நான் இன்னா பண்றது? பாடிய எடுத்துக்கினு போ. போறப்ப மெசின களுவி வுட்டுட்டுப் போ."

மேளம் நின்றது. இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏசுதாஸின் அடுத்த வசனம், 'உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்'. பின்னால் செல்போன் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முந்தானையை இடுப்பில் செருகினார்.

"எம் புருசன் பேரு ஆல்பர்ட்டு. குடிக்காதவன். அன்னிக்கி ஜெகனும் அங்கதான் இருந்தான். தோ, பைக்கு மேல குந்திகினு கீறான். அவனையே கேளுங்க."

கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பியது.