மாமாவின் கறுப்பு

கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தால் மாமா முதலில் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொள்வார். கூச்சம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். காரணம் வேறு. அவருடைய கல்யாணப் படத்தில் ஸ்டுடியோக்காரர் முகத்தை மாலையில் இருந்த சம்பங்கி அளவுக்கு வெளுத்துவிட்டுக் கைகளை மறந்துவிட்டார். அத்தையின் தோளுக்குப் பக்கத்தில் சிவந்த முகம் ஒன்று. அதற்குக் கீழே, மின்கம்பம் ஏறி ஏறி வெயிலில் காய்ந்த கன்னங்கரேலென்ற இரண்டு கைகள். "தல பொண்ணு வீட்டுச் சீதனம், கை மட்டுந்தான் என்னுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிச் சொல்வார். அதன் பிறகு எந்தப் படத்துக்கும் கை வெளியே வரவில்லை. "நான் என்ன செவுரா, ஆளாளுக்கு வெள்ளையடிக்க?" என்று ஸ்டுடியோக்களில் சண்டை போட்டும் பார்த்தார். சரி சார், சரி சார் என்பார்கள். படம் என்னவோ வெளுப்பாகத்தான் வரும். அவர்களைப் பொறுத்தவரை அது உபசாரம். காப்பிக்குச் சர்க்கரை போடுவதைப்போல, கேட்காமலே போடுவது.

நான் வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தபோது அல்சூரில் அத்தை வீட்டில்தான் தங்கினேன். மாமா மின்வாரியத்தில் லைன்மேன். எனக்குக் கிடைத்தது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில், கையேடுகளும் விளம்பரப் பிரசுரங்களும் பக்கம் அமைத்து அச்சுக்கு அனுப்பும் வேலை. திரையில் தெரிகிற நிறம் தாளில் வராமல் போனால் ஏன் என்று கண்டுபிடிப்பதும் என் பொறுப்பு. இதை மாமாவுக்கு விளக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் காட்டுகிறது, ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது நிறம் பிசகிவிடும், அதைப் பிசகாமல் காப்பவன்தான் நான் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெயிண்டர்னு சொல்லேன் மாப்ளே, அதுல என்ன வெக்கம்?" என்றார். அவர் இருந்தவரை தெருவில் நான் பெயிண்டர்தான். ஒரு வீட்டுக்காரம்மா என்னை நிறுத்தி, தன் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க எப்போது வரமுடியும் என்றுகூடக் கேட்டார்.

மாமா ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. முதல் வருஷ நினைவு நாளுக்குச் சிறிய நினைவு மலர் ஒன்று அச்சிடலாம் என்று சொந்தங்கள் முடிவு செய்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கிற ஒரே பெயிண்டர். அத்தை மட்டும் என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "படம் நல்லா வரணும்னு நான் கேக்கல. அவரு அவராட்டம் இருக்கணும். கறுப்புன்னா கறுப்பு. ஒருத்தனும் அவர அப்படியே எடுக்கலடா. நீயாவது செய்." இதைவிடச் சுலபமான வேலை எனக்கு வராது என்று நினைத்தேன். நிறம் பிசகாமல் காப்பதற்குத்தானே எனக்குச் சம்பளமே.

அட்டைக்குக் கிடைத்தது, அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்த படம். கைகள் வழக்கம்போலத் தொடைக்கு அடியில். பக்கங்களை அமைத்து, அச்சுக்கான கோப்பாக மாற்றி, சிவாஜிநகர்ப் பக்கம் எனக்குப் பழக்கமான அச்சகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் போய் நின்றபோது மிஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. முகம் முழுக்க மை அப்பிக்கிடந்தது. மிஷின்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, "கலரு ஜாஸ்தியா கீதே சார், ஓட்டிடலாமா?" என்றார். கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன், விபத்தைத் தடுக்கிறவனைப்போல. தவறு என்னுடையது. படத்தை ஒருமுறை அச்சு நிறத்துக்கு மாற்றியிருந்தேன்; அது எந்தத் தாளுக்கு, எந்த மைக்கு என்று சொல்லும் குறிப்பு இடையில் உதிர்ந்துவிட்டது. கோப்பை வெளியே எடுக்கும்போது மென்பொருள் அதைத் தெரியாத படம் என்று எண்ணி இரண்டாம் முறையும் மாற்றியிருக்கிறது. போதாததற்கு மிஷினிலும் கறுப்பு மை கொஞ்சம் தாராளமாக ஓடியிருக்கிறது.

பிறகு நான் என் திறமை முழுவதையும் காட்டினேன். பழைய அமைப்புகளையெல்லாம் அழித்தேன். திரையை அளவுக்கருவி வைத்துச் சரிசெய்தேன். அச்சகத்தின் தாளுக்கும் மைக்கும் உரிய நிறக்குறிப்பை வாங்கிக் கோப்புக்குள் பதித்து, ஒரே ஒருமுறை மட்டும் மாற்றி, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். இந்த முறை திரையும் தாளும் இரட்டைப்பிள்ளைகள் மாதிரி இருந்தன. மிஷின்காரர் பார்த்துத் தலையாட்டினார். என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ள முதுகு எட்டவில்லை, அவ்வளவுதான். சில பிரதிகளை மட்டும் எடுத்துக் கட்டிக் கொடுக்கச் சொல்லி, அத்தையிடம் காட்டி ஒப்புதல் வாங்கக் கிளம்பினேன்.

அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பார்சல் கட்ட வேறு தாள் வாங்கமாட்டார்கள். வீணாய்ப்போன தாள்களிலேயே சுற்றி, அடிப்பக்கத்தில் அகலமாக டேப் ஒட்டிவிடுவார்கள். புது மிக்சியின் குறிப்பேடு யாரோ ஒருவரின் காதுகுத்துப் பத்திரிகைக்குள் வரும். அத்தை என் கையிலிருந்த பார்சலைப் பறித்தார். ஒரு வருஷமாக அந்த முகத்துக்குக் காத்திருந்தவர். கத்தரிக்கோல் தேடவெல்லாம் நிற்கவில்லை. டேப்பை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பு. உள்ளே இருந்த என் சாதனையை எடுத்துப் பார்த்தார். நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். அவர் அதைத் தரையில் வைத்தார். "இது ஸ்டுடியோக்காரன் பண்ண ஆளுடா. அவரு எங்க?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் கல்யாணத்தில் எடுத்த இந்தப் படத்தையும் ஸ்டுடியோவில் ஏற்கெனவே வெளுத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொய்யை ஒரு சொட்டு நிறம்கூடச் சிந்தாமல் தாளில் இறக்கியிருந்தேன்.

சுற்றியிருந்த தாளை மடிப்பதற்காகத் திருப்பிய அத்தை அப்படியே நின்றுவிட்டார். முதல் நாள் நான் நிறுத்தச் சொன்ன தாள். "இதோ இருக்காரே" என்றார். எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கறுப்புக்குள் ஒரு செம்பு மினுக்கம், கம்பத்திலிருந்து இறங்கி வாசலில் நின்று தண்ணீர் கேட்கும்போது இருக்கும் அதே முகம். ஆனால் பாதிதான் இருந்தது. டேப்போடு சேர்ந்து மறுபாதியின் தோல் உரிந்து வந்துவிட்டது. அத்தை டேப்பை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மாமாவைத் தாளின் மேல் வைத்து வைத்துப் பார்த்தார். "வேற இருக்கும்டா, போய் வாங்கிட்டு வா" என்றார். நானும் ஓடினேன். மீதித் தாள்களை வேறு பார்சல்களுக்குச் சுற்றிவிட்டார்கள். முதல் நாள் ஓட்டிய அச்சுத் தகடுகள் பழைய அலுமினியக்காரரிடம் போய்விட்டன. எங்கள் மாமாவின் முகம் அன்று பெங்களூரில் யார் யார் வீட்டுக்கோ சானிடரி சாமான் பட்டியலையும் கல்யாணக் கார்டையும் சுமந்துகொண்டு போயிருக்கிறது.

அதே தவறை மறுபடி செய்தால் போதும். என்னைவிடத் தகுதியானவன் யார்? பிறந்ததிலிருந்து தவறு செய்வதில் எனக்குப் பயிற்சி குறையவில்லை. ஆனால் அந்த ஒரு தவறு மட்டும் வரவில்லை. பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்து நானே அதை ஒழித்திருந்தேன். பழைய அமைப்புகளை நானே பெருமையாக அழித்திருந்தேன். இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன், ஊதாவாக வந்தது. குறிப்பை உதிர்த்துப் பார்த்தேன், பச்சை தட்டியது. கையாலேயே கறுப்பைக் கூட்டினேன். வெளுத்த ஆள் ஒருவர் நிழலில் நிற்பதுபோல் இருந்தது. கிழிந்த பாதியை ஸ்கேன் செய்தேன். ஸ்கேனர் தன் பங்குக்கு வேறொரு நிறம் சொன்னது. மாமாவின் கையாவது படத்தில் இருந்திருந்தால் அதைப் பார்த்து முகத்தைப் பிடித்திருப்பேன். அவருடைய சொந்தக் கல்யாணப் படத்தின் கையைக் காட்டினேன், அத்தை, "அது அப்ப. சர்வீஸு முடியறதுக்குள்ள இன்னும் எவ்ளோ வெயிலு" என்றார்.

ஒவ்வொரு மாதிரியையும் அத்தையிடம் கொண்டுபோனேன். ஆரம்பத்தில் பதில்கள் பளிச்சென்று வந்தன. "இது யாரோ." "இது எங்க பெரிய மச்சாண்டாரு, உன் மாமாவோட அண்ணன், அந்த ஆளுக்கு எதுக்கு மலரு?" சிரிக்கவும் செய்தார். போகப்போகப் பதில் வரத் தாமதமானது. தாளை ஜன்னலோரம் கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். கடைசியில் ஒரு தடவை மாதிரிகள் எல்லாவற்றையும் பாயில் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த தாளும் அங்கேதான் கிடந்தது. "அதுவும் இவருதானான்னு இப்ப சந்தேகமா கீதுடா" என்றார். "கண்ண மூடுனா இதுங்கதான் ஒண்ணொண்ணா வருது. அவரு வரமாட்டேங்கறாரு." ஸ்டுடியோக்காரர்கள் படத்தில் மட்டும்தான் வெள்ளையடித்தார்கள். நான் அத்தையின் மனசுக்குள்ளேயே போய் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

நினைவு நாள் நெருங்கிவிட்டது. திரையும் தாளும் ஒத்துப்போன அந்தச் சரியான படத்தையே அச்சிட்டோம். அத்தை வீட்டுக் கூடத்தில் இருந்த புத்தர் படத்துக்குப் பக்கத்தில் மலரை வைத்து விளக்கேற்றினார்கள். வந்தவர்கள் எல்லோரும் அச்சு ரொம்பச் சுத்தம் என்றார்கள். அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியதும் யாரோ ஒரு சொந்தக்காரர்தான்.

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண், ஏதோ ஐ.டி. கம்பெனியில் வேலை, தயிருக்கு உறை கேட்டு வந்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "அங்கிள் நல்ல கலரு இல்ல ஆன்ட்டி?" என்றாள். அத்தை சண்டைக்குப் போவார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆமாம்மா, நல்ல செவப்பு. அந்த வெயில்லயும் கறுக்கவே இல்ல" என்றார். பிறகு திரும்பி, கொஞ்சம் பயந்தவர்போல என்னைப் பார்த்தார். "இல்லடா?"

"ஆமா அத்தே" என்றேன்.