நைனாவுக்குக் கொண்டுபோன வெனிலா

மீஞ்சூர் பக்கம் எங்கள் கம்பெனியில் வரிசையாக எஃகுத் தொட்டிகள் நிற்கும். உள்ளே கோடிக்கணக்கில் பாக்டீரியா. வேறோர் உயிரின் மரபணுவை எடுத்து இவற்றுக்குள் பொருத்தியிருக்கிறார்கள். அரிசித் தவிட்டிலிருந்து பிரித்த சரக்கை ஊட்டினால் தின்றுவிட்டு வெனிலாவாக மாற்றித் தரும். மதியத்தில் தொட்டி மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். மெல்லிய முனகல் கேட்கும். அத்தனை பேரும் உள்ளே விழித்திருந்து எனக்காகச் சமைக்கிறார்கள் என்று தோன்றும். கண் சொக்கும். எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோகும்.

கடலோரத்து லைட்ஹவுஸ் குப்பத்து வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு காய்ச்சல் வந்துபோனதில் அவருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. அதோடு சோறும் போனது. இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

"மண்ணத் தின்னா மாதிரி கீதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

சட்டை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. போட்டில் ஏறினால் வலை இழுக்கத் தெம்பில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்; கத்துவேன்.

பொன்னேரி டாக்டர், தினமும் ஏதாவது வாசனையை முகரச் சொன்னார். மூக்கு மறுபடி பழகினாலும் பழகலாமாம். எங்கள் மேலதிகாரியிடம் கேட்டேன். பாக்டீரியாவை எல்லாம் வடிகட்டிச் சுத்தம் செய்த வெனிலாவில் கொஞ்சம் சின்ன சீசாவில் கொடுத்தார். ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். மூடியை மீறி லேசாகக் கசியும். ஜன்னலுக்கு வெளியே உப்பு வெயில், உள்ளே ஐஸ்கிரீம் வாசனை. பாதித் தூக்கத்தில் ஊரே இனிப்பாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் காகிதப் பட்டையில் தோய்த்து நைனாவின் மூக்கருகே நீட்டுவேன். ஒரு வாரம் உதட்டைப் பிதுக்கினார். பிறகு ஒரு சாயங்காலம், "அட, ஐஸ்கிரீம் வாசனம்மா!" என்றார். அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். மறுநாள் கம்பெனியில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

ஆனால் சோறு மட்டும் இறங்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அவசரத்தில் சீசா மாறிப்போனது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று நாங்கள் வாசனையே இல்லாத ஒரு திரவம் வைத்திருப்போம். அது பைக்குள் வந்துவிட்டது. தெரியாமல் தோய்த்து நீட்டினேன்.

நைனா கண்ணை மூடி நன்றாக இழுத்தார். "இன்னிக்கு கொஞ்சம் தூக்கலா கீது."

நானும் முகர்ந்து பார்த்தேன். வெறும் காகிதம்.

"இதுல ஒண்ணுமே இல்ல நைனா. இத்தினி நாளா பொய்யா சொன்ன?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மாந் தூரத்துலேர்ந்து ஆசையா கொண்டாந்து நீட்டுற. இல்லன்னு எப்டிம்மா சொல்றது?"

"வாசன வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கெடந்தேன்! நீ இப்டியே பட்டினி கெடந்து செத்துப்போனா நான் இன்னா பண்றது?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.

அடுப்பில் மடவை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் தட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு, "அழாத. கொழம்பு எப்டி வாசன அடிக்குதுன்னு நீ சொல்லு. நான் துன்றேன்" என்றார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சோறும் குழம்பும் போட்டுவிட்டுச் சொன்னேன். முதலில் மாங்காய்ப் புளிப்பு வருது நைனா, அப்புறம் வெந்தயம். மீன் கொழுப்பு எண்ணெயோட மேல மெதந்து வருது. கறிவேப்பிலை இப்பதான் சுருங்குது. சொல்லச் சொல்லப் பிசைந்து பிசைந்து வாயில் வைத்தார். நான் நிறுத்தினால் அவர் கையும் நின்றது. அதனால் நிறுத்தவில்லை. தட்டு காலியாகிவிட்டது.

"இப்போ நெசமாவே வாசன வருதும்மா" என்றார்.

பொய்யா நிஜமா என்று நான் கேட்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.